சாயாத படகைச் செலுத்தத் தனிப் பயிற்சி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பினாங்கிலிருந்து லங்காவிக்குக் கட்டமரான் என்னும் இரட்டை உடல் பாய்மரப் படகில் குடும்பத்தோடு செல்லும் விடுமுறைப் பயணங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு பதிப்பில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். பாய்மரப் படகு என்றாலே அது வசதி படைத்த வெளிநாட்டவரின் பொழுதுபோக்கு என்று ஒதுங்கியிருந்த நம் மக்களில் சிலர் இன்று சொந்தமாகவே படகு வாங்குகிறார்கள். நம் பிள்ளைகள் பலர் இப்படகுகளில் மாலுமிகளாக வேலைக்குச் சேர்கிறார்கள். இந்த மாற்றத்தை எழுத முன்வந்ததற்காக முதலில் என் நன்றி. ஆயினும், இவ்வகைப் படகு சாயாது, ஆகவே சில நாள் பழகினால் யார் வேண்டுமானாலும் ஓட்டிவிடலாம் என்ற பொருளில் கட்டுரையில் வந்திருந்த கருத்தை அப்படியே விட்டுவிட மனம் ஒப்பவில்லை. சாயாமல் செல்வது கட்டமரானின் சிறப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தச் சிறப்புதான் அதைச் செலுத்துபவரிடம் மற்றப் படகுகளுக்குத் தேவைப்படாத ஒரு தேர்ச்சியைக் கேட்கிறது. பினாங்குத் தீவின் வடகரையிலும் மேற்குக் கரையிலும் நெடுங்காலமாகப் பாய்மரப் படகுகளில் பணிபுரிபவன் என்ற முறையில் அதை விளக்க விரும்புகிறேன்.

ஒற்றை உடல் கொண்ட பாய்மரப் படகின் அடியில் கனமான ஈயமோ இரும்போ பொருத்திய கீல் என்னும் துடுப்பு போன்ற அடிப்பகுதி இருக்கும். காற்று பலமாக அடித்தால் படகு சாயும். சாயச் சாயப் பாயில் படும் காற்றும் குறையும். அடியிலுள்ள எடை படகை மீண்டும் நிமிர்த்தும். படகில் இருப்பவர்களுக்குக் காற்றின் பலத்தை உடம்பே சொல்லிவிடும்: சமையலறையில் பாத்திரம் உருளும், நிற்பவர் கம்பியைப் பிடிப்பார், யாரும் சொல்லாமலே பாயைக் குறைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். கட்டமரானில் அந்தக் கீல் எடை இல்லை. இரண்டு படகுடல்களுக்கு இடையிலான அகலமே அதன் நிலைப்பை முழுவதுமாகத் தாங்குகிறது. 40, 45 அடிப் படகு ஒன்றின் அகலம் 7 மீட்டரை ஒட்டியிருக்கும். வழக்கமான பயணத்தில் அது சில பாகைதான் சாயும். ஏறத்தாழ 10 முதல் 15 பாகைக்குள், காற்று வரும் பக்கத்து உடல் நீரை விட்டு எழும் தருணத்தில், அதன் நிமிர்த்தும் ஆற்றல் உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. அதற்கு மேல் சாய்ந்தால் அந்த ஆற்றல் கூடாது, குறைந்துகொண்டே போகும். கவிழ்ந்துவிட்டால், நிமிர்ந்து நின்றபோது எவ்வளவு உறுதியாக நின்றதோ அதே உறுதியோடு தலைகீழாகவும் நிற்கும்; தானாக நிமிராது. சொகுசான பயணப் படகுகள் பந்தயக் கட்டமரான்களைவிட எடை மிகுந்தவை, அளவான பாய் கொண்டவை என்பதால் இப்படிக் கவிழ்வது அரிது. அந்த அரிய நிகழ்ச்சி நேருமுன் படகு எச்சரிக்காது என்பதைத்தான் படகில் ஏறும் முதல் நாளே மாலுமிக்குச் சொல்லித்தர வேண்டும்.

அப்படியானால் எதை நம்புவது? காற்றுமானி காட்டும் எண்ணைத்தான் நம்ப வேண்டும். எத்தனை நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்) காற்றில் பெரும்பாயின் முதல் மடிப்பைக் கட்ட வேண்டும், அதாவது பாயின் கீழ்ப்பகுதியை மடித்துக் கட்டி அதன் பரப்பைக் குறைக்க வேண்டும், எத்தனையில் இரண்டாவது, எத்தனையில் முன்பாயையும் சுருட்ட வேண்டும் என்ற அட்டவணையைப் படகு கட்டும் நிறுவனங்கள் கையேட்டிலேயே தருகின்றன. படகுக்குப் படகு எண்கள் மாறும். பொதுவாக 18 முதல் 20 நாட்டில் முதல் மடிப்பு, 25 நாட்டை ஒட்டி இரண்டாம் மடிப்பு என்ற அளவில் அவை இருக்கும். பாய் மீது காற்று செலுத்தும் விசை, காற்றின் வேகத்தின் இருமடியாகக் கூடுகிறது. 20 நாட் காற்று 28 நாட் ஆனால் கேட்பவருக்கு எட்டு நாட்தான் கூடியது போலத் தோன்றும். பாயில் விழும் விசையோ ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். ஆகவே சராசரிக் காற்றைப் பார்த்துப் பாய் விரிக்கக் கூடாது, இடையிடையே வீசும் பலத்த வீச்சைப் பார்த்துத்தான் விரிக்க வேண்டும். படகு சுகமாகத்தானே போகிறது, இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போமே என்ற எண்ணம் எழுந்தால், மடிப்புக் கட்டும் நேரம் அப்போதே வந்துவிட்டது என்று கொள்வதே பாதுகாப்பு.

இதில் அனுபவசாலிகளையும் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. காற்றைப் பின்னால் வைத்துக்கொண்டு செல்லும்போது படகின் வேகம் காற்றின் வேகத்திலிருந்து கழிந்துவிடுகிறது. உண்மையான காற்று 22 நாட் வீச, படகு 9 நாட்டில் அதே திசையில் ஓடினால், மேல்தளத்தில் உணரும் காற்று 13 நாட்தான். வெயில் இதமாக இருக்கும், பிள்ளைகள் இரு உடல்களுக்கும் இடையே கட்டிய முன்வலையில் படுத்திருப்பார்கள், முழுப் பாயும் விரிந்திருக்கும். அந்த நேரத்தில் ஒரு மீன்பிடி வலையின் மிதவையைக் கண்டு படகைத் திடீரெனப் பக்கவாட்டுக்குத் திருப்ப நேர்ந்தால், பாய் எதிர்கொள்ளும் காற்று 13 நாட்டிலிருந்து 24 நாட்டை நெருங்கும். விசை மூன்று மடங்குக்கும் மேல் கூடும். அதனால்தான் பின்காற்றில் செல்லும்போது காற்றுமானியின் உணர்காற்று எண்ணை விட்டுவிட்டு உண்மைக்காற்று எண்ணைக் கொண்டு மடிப்பை முடிவு செய்ய வேண்டும் என்கிறோம். இன்றைய கருவிகள் இரண்டையும் காட்டுகின்றன. எது எந்தத் திரையில் வருகிறது என்று தெரியாமலே படகை ஓட்டுபவர்களைப் படகுத்துறைகளில் நான் சந்தித்திருக்கிறேன், அது எனக்குக் கவலை தருகிறது.

மடிப்புக் கட்டும் வேலையைச் சற்று விரிவாகச் சொல்வது பயனுள்ளது. பெரும்பாலான கட்டமரான்களில் பாய்மரத்தைப் பின்னிழுக்கும் பின்கம்பி கிடையாது. அதற்குப் பதிலாகப் பக்கவாட்டுக் கம்பிகள் பின்தள்ளிப் பொருத்தப்பட்டிருக்கும். பெரும்பாயும் மேற்பகுதியில் அகலமாக, முழு நீளச் சட்டங்களோடு இருக்கும். பின்காற்றில் அந்தப் பாய் பக்கவாட்டுக் கம்பிகளில் அழுந்திக் கிடக்கும்போது அதைக் கீழே இறக்க முயன்றால் சட்டங்கள் கம்பியில் உரசும், சறுக்கிகள் பாய்மரத்தின் தடத்தில் இறுகிக்கொள்ளும், பாய் இறங்காது. எனவே படகை மெல்லக் காற்றுக்கு முகம் கொடுக்கத் திருப்பி, ஷீட் கயிற்றை (பாயைக் காற்றுக்கு ஏற்ப இழுத்துப் பிடிக்கும் கயிறு) தளர்த்தி, பாயின் பளுவை எடுத்த பிறகே இறக்க வேண்டும். கடல் கொந்தளிப்பாக இருந்தால் காற்று மறைவுப் பக்கத்து (காற்று வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்து) எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு அந்த நிலையைத் தக்கவைக்கலாம். ஏற்றுகயிற்றில் ஒவ்வொரு மடிப்புக்கும் உரிய இடத்தில் வெவ்வேறு நிறத்தில் நூல் சுற்றி வைத்திருந்தால், இருட்டிலும் மழையிலும் டார்ச் வெளிச்சத்தில் அந்த நூல் பிடிப்பானுக்கு வந்ததும் நிறுத்திவிடலாம். பிறகு முன்மூலையை முதலில் இழுத்துக் கட்டி, அதன்பின் பின்மூலைக் கயிற்றை வின்ச் என்னும் சுற்றுருளையில் இறுக்கி, கடைசியாக ஏற்றுகயிற்றை விறைப்பாக்க வேண்டும். பின்மூலையை முதலில் இறுக்கினால் பாய் பாய்மரத்தை விட்டுப் பின்னால் இழுபட்டு, சறுக்கிகள் உடைய நேரிடும். இவையெல்லாம் நல்ல வானிலையில், படகுத்துறைக்கு வெளியே, திரும்பத் திரும்பச் செய்து கை பழக வேண்டிய வேலைகள்.

நம் கடற்கரைக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், மலாக்கா நீரிணையில் காற்று நாள் முழுதும் சீராக வீசுவதில்லை. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று நிலத்தின் மேலாக வந்து இப்பகுதியில் நல்ல பயணக் காலத்தைத் தருகிறது. கிள்ளான் துறைமுகத்திலிருந்து பங்கோர், பினாங்கு வழியாக லங்காவி செல்லும் ராஜா மூடா சிலாங்கூர் பாய்மரப் பந்தயம் 1990 முதல் நவம்பர் மாதத்தில் நடப்பதும் அதை ஒட்டித்தான். மே முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவத்தின் நிலைமை வேறு. அப்போது சுமத்ராத் தீவின் மேலும் நீரிணையிலும் இரவில் உருவாகும் இடிமேகக் கூட்டங்கள் ஒரே வரிசையாகத் திரண்டு, விடியலுக்கு முன்னும் காலையிலுமாக நம் மேற்குக் கரையை வந்தடைகின்றன. பினாங்கு மீனவர்கள் அனைவரும் அறிந்த 'சுமத்ரா' இதுதான். முக்கா ஹெட் கலங்கரை விளக்கத்துக்கு மேற்கே இருட்டில் நங்கூரமிட்டோ மெதுவாகப் பாயில் நகர்ந்தோ இருக்கும்போது, முதலில் மேற்கு அடிவானத்தில் சத்தமில்லாத மின்னல் தெரியும். நட்சத்திரங்கள் கீழிருந்து ஒவ்வொன்றாக மறையும். வீசிக்கொண்டிருந்த இளங்காற்று அடங்கி, சில நிமிடம் புழுக்கமாக இருக்கும். பாய் தளர்ந்து தொங்கும். பிறகு முகத்தில் குளிர்ந்த காற்று படும். அது பட்ட பிறகு பாயைக் குறைக்கக் கிளம்புவது காலங்கடந்த செயல், ஏனெனில் அடுத்த சில நிமிடங்களுக்குள் மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரையிலான வீச்சு மழையோடு வந்துவிடும்.

ராடார் இருக்கும் படகில் 12 கடல்மைல் வட்டத்தில் அந்த மழைவரிசை தடித்த பட்டையாகத் தெரியும். அது எவ்வளவு வேகத்தில் நெருங்குகிறது என்று பத்து நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்தால் நமக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கணக்கிடலாம். கிளம்பும் முன் மலேசிய வானிலைத் துறையான மெட்மலேசியாவின் எச்சரிக்கையைப் பார்ப்பது கட்டாயம். வரிசை உறுதியாக வருகிறது என்று தெரிந்தால், பெரும்பாயை முழுவதும் இறக்கிக் கட்டி, இரண்டு எஞ்சின்களையும் ஓடவிட்டு, மேல்தளத்தில் இருப்பவர்கள் உயிர்காப்பு அங்கி அணிந்து, கரையிலிருந்து போதிய தொலைவில் காற்றை முன்பக்கமாகச் சற்றுக் கோணத்தில் எதிர்கொண்டு நிற்பதே என் பரிந்துரை. முன்பாயைச் சிறு துண்டாக வைத்துக்கொண்டு காற்றோடு ஓடலாம் என்பவர்களும் உண்டு. திறந்த கடலில் அது சரியான முறைதான். ஆனால் மேற்கிலிருந்து வரும் காற்றோடு ஓடினால் கெடா, பினாங்குக் கரையை நோக்கித்தான் ஓட வேண்டியிருக்கும் என்பதால் இங்கே அதை நான் ஏற்பதில்லை.

இத்தகைய வீச்சுக்குப் பெரிய படகுகளும் விலக்கல்ல. 2010-இல் தென்பசிபிக்கில் நியூவே தீவுக்கு அருகே 57 அடி நீளமுள்ள, நன்கு வடிவமைக்கப்பட்ட கட்டமரான் ஒன்று கவிழ்ந்தது. 20 நாட்டுக்கும் குறைவாக இருந்த காற்று மிகக் குறுகிய நேரத்தில் 60 நாட்டைத் தாண்டியதே காரணம். மும்மடங்குக்கும் மேலான காற்று ஒன்பது மடங்குக்கும் மேலான விசை என்பதை மேலே சொன்ன கணக்கோடு பொருத்திப் பாருங்கள். அதிலிருந்த இருவரும் சரக்குக் கப்பலால் மீட்கப்பட்டனர். அவர்கள் கடல் தெரியாதவர்கள் அல்லர். அப்படியிருக்க, வார இறுதியில் படகை வாடகைக்கு எடுப்பவரிடம் சாயாது என்று மட்டும் சொல்லி அனுப்புவது முறையா?

திடீர் வீச்சு வந்தால் சுக்கானை எந்தப் பக்கம் திருப்புவது என்ற கேள்விக்கு ஒற்றை உடல் படகுகளில் பெரும்பாலும் ஒரே விடைதான்: காற்றை நோக்கித் திருப்பு. கட்டமரானில் அது படகு செல்லும் திசையைப் பொறுத்தது. காற்றுக்கு நெருக்கமாக முன்னேறிக்கொண்டிருந்தால் இன்னும் சற்றுக் காற்றை நோக்கித் திரும்பிப் பாயின் பளுவைக் கழிக்கலாம். காற்று நன்றாகப் பின்னால் இருந்தால் காற்றோடு இன்னும் விலகி ஓட வேண்டும், உணர்காற்று குறையும். இரண்டுக்கும் இடையில், காற்று நேர் பக்கவாட்டில் அடிக்கும் நிலைதான் ஆபத்தானது. அங்கே வேகமாகச் செல்லும் படகைக் காற்றை நோக்கி வெடுக்கெனத் திருப்பினால், திருப்பத்தின் விசையும் காற்றின் விசையும் ஒரே பக்கமாகச் சேர்ந்து படகைக் காற்று மறைவுப் பக்கம் தள்ளும். எனவே அங்கே முதலில் கை போக வேண்டிய இடம் சுக்கான் அல்ல, பெரும்பாயின் ஷீட் கயிறு. வானிலை சந்தேகமாக இருக்கும் நேரத்தில் அந்தக் கயிறு வின்ச்சிலிருந்து உடனே விடுபடும்படி ஒருவர் கையருகே இருக்க வேண்டும். தானியங்கிச் சுக்கானை இயக்கிவிட்டு அனைவரும் உள்ளே சாப்பிடப் போகும் வழக்கத்தை எந்தக் கேப்டனும் அனுமதிக்கக் கூடாது. செங்குத்தாக இறக்கும் பலகைக் கீல்கள் உள்ள படகாயின், பக்கவாட்டுப் பேரலையில் அவற்றை உயர்த்திவிட்டால் படகு இடறாமல் அலையோடு சறுக்கிப் போகும்; இதுவும் ஒற்றை உடல் படகில் கற்க முடியாத பாடம்.

காற்றை முன்பக்கமாகக் கடந்து திரும்பும்போது வேறு வகைச் சிக்கல் எழும். ஒற்றை உடல் படகைவிட எடை குறைவு என்பதால் கட்டமரானுக்கு உந்தம் சீக்கிரம் தீர்ந்துவிடும். பாதித் திருப்பத்தில் காற்றுக்கு நேராக நின்று பின்னோக்கி நகரத் தொடங்கும். திரும்பும் முன் போதிய வேகம் இருக்க வேண்டும். சுக்கானை மெதுவாகத் தொடங்கிச் சீராகத் திருப்ப வேண்டும். அணியம், அதாவது படகின் முன்முனை, காற்றைக் கடக்கும் வரை முன்பாயை விடுவிக்காமல், அது மறுபக்கக் காற்றில் புடைத்து அணியத்தைத் தள்ளிக்கொடுக்க விட வேண்டும். பெரும்பாயைச் சற்றே தளர்த்த வேண்டும். அப்படியும் நின்றுவிட்டால், படகு பின்னோக்கி நகரும்போது சுக்கானை எதிர்ப்பக்கம் திருப்பி வெளியே வரலாம். எஞ்சினைத் தொட்டால் நொடியில் வேலை முடிந்துவிடும் என்று பலர் இதைக் கற்பதே இல்லை. எஞ்சின் கிளம்பாத நாளும் வரும். பின்பக்கமாகக் காற்றைக் கடக்கும்போதோ, அந்த அகன்ற பாய் கட்டுப்பாடின்றி மறுபக்கம் பாய்ந்தால் பாயின் அடியைப் பிடித்திருக்கும் பூம் கட்டையும் கம்பிகளும் தாங்காது; ஷீட் கயிற்றை நடுவுக்கு இழுத்து, அந்தக் கயிற்றின் அடிப்பிடி நகரும் டிராவலரை இருபுறமும் பூட்டி, படகைத் திருப்பி, பிறகு சீராக விட வேண்டும்.

எடையைப் பற்றி ஒரு சொல். உள்ளே இடம் தாராளமாக இருப்பதால் தண்ணீர், டீசல், ஜெனரேட்டர், முக்குளிப்பு உருளைகள் என்று ஏற்றிக்கொண்டே போகிறோம். ஒவ்வொரு நூறு கிலோவும் இரு உடல்களையும் இணைக்கும் நடுத்தளத்தை நீருக்கு இன்னும் அருகே கொண்டுவருகிறது. நீரிணையின் குட்டையான, செங்குத்தான அலைகள் அந்தத் தளத்தின் அடியில் அறையும் ஓசையைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். பின்னாலிருந்து பேரலை வரும்போது கூடுதல் எடையோடு வேகமாக ஓடும் படகு, முன் அலையின் முதுகில் அணியத்தைக் குத்திக்கொள்ளும் அபாயமும் உண்டு. அந்நிலையில் வேகத்தைக் குறைப்பதே உயிர்காக்கும்: பாயைக் குறைக்க வேண்டும், அது போதாவிட்டால் இரு பின்முனைகளிலிருந்தும் Y வடிவில் சேரும் கவைக்கயிறு கட்டி, நீரில் இழுபடும் வேகத்தடையை விட வேண்டும்.

இனி துறைக்குள் படகை நிறுத்துவது. தஞ்சோங் தோக்கோங்கிலோ லங்காவியின் குவாவிலோ வார இறுதி மாலையில் நின்று பார்த்தால், கடலில் நன்றாக ஓட்டியவர்கள் துறையில் திணறுவதைக் காணலாம். கட்டமரானின் இரு எஞ்சின்களும் ஒன்றுக்கொன்று பல மீட்டர் தள்ளி இருப்பதால், ஒன்றை முன்னோக்கியும் மற்றதைப் பின்னோக்கியும் கொடுத்தால் படகு நின்ற இடத்திலேயே சுழலும். மெதுவான வேகத்தில் சுக்கானை நடுவில் பூட்டிவிட்டு எஞ்சின் கைப்பிடிகளால் மட்டுமே திசை திருப்பப் பழக வேண்டும். எஞ்சின் விசிறி பின்னோக்கிச் சுழலும்போது அதன் இழுவை குறைவு. ஆகவே பின்னோக்கிய எஞ்சினுக்குச் சற்று அதிகம் கொடுத்தால்தான் படகு முன்னே ஊர்ந்து போகாது. படகின் நீருக்கு மேலான பகுதி பெரிது, நீருக்கு அடியிலான பகுதி குறைவு. காற்று அணியத்தைப் பிடித்தால் இலேசில் விடாது. அதனால் குறுக்குக் காற்றில் முன்னோக்கி நுழைவதைவிட, முடிந்த இடத்தில் பின்முனையைக் காற்றுக்குக் காட்டிப் பின்னோக்கியே நுழைவது நிதானமானது. எஞ்சின்கள் இழுக்கும் முனை காற்றை நோக்கியிருக்க, அணியம் தானாகவே காற்றோடு ஒழுங்காகத் தொங்கும்.

தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையிலான பினாங்கு வாய்க்காலில் இதோடு நீரோட்டமும் சேர்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓதம் 2 மீட்டருக்கு மேல் ஏறி இறங்குவதால், பாலத்துக்கு அடியிலும் ஜெரெஜாக் தீவின் பக்கத்திலும் நீர் வேகமாக ஓடும். துறைக்குள் நுழையும் முன், வெளியே ஒரு நிமிடம் எஞ்சின்களை நியூட்ரலில் விட்டு, படகு எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாகத் தள்ளப்படுகிறது என்று பார்க்க வேண்டும். அந்த ஒரு நிமிடத்தை எடுத்துக்கொள்ளும் கேப்டனிடம் நான் என் பிள்ளைகளைத் தயங்காமல் அனுப்புவேன். மேடையை நெருங்கியதும் படகின் நடுவிலிருந்து பின்னோக்கிச் செல்லும் கயிற்றை முதலில் மேடையில் கட்டி, எஞ்சின்களை மாற்றி மாற்றி மெதுவாக முன்னோக்கிக் கொடுத்தால், மற்றக் கயிறுகளை அவசரமின்றிக் கட்டும் வரை படகு மேடையோடு ஒட்டி நிற்கும். காலை நீட்டியோ கையால் தள்ளியோ எட்டு, பத்து டன் படகை நிறுத்த முயலக் கூடாது என்பதை ஏறும்போதே பயணிகளிடம் சொல்லிவிட வேண்டும்.

நங்கூரமிடும்போது சங்கிலியை நேராக விட்டுவிட்டால் கட்டமரான் இடவலமாக அலைந்துகொண்டே இருக்கும். இரு அணியங்களிலிருந்தும் சமநீளத்தில் வரும் கவைக்கயிற்றைச் சங்கிலியில் கொக்கியிட்டுப் பளுவை அதற்கு மாற்றினால் அலைச்சல் அடங்கும். சங்கிலியின் நீளத்தை உயர் ஓதத்துக்குக் கணக்கிட வேண்டும்: தாழ் ஓதத்தில் 6 மீட்டர் ஆழம், ஓதம் ஏறுவது 2 மீட்டர், அணியத்தின் உயரம் ஒன்றரை மீட்டர் என்றால் மொத்தம் ஒன்பதரை மீட்டர், ஐந்து மடங்கு என்று கொண்டால் 48 மீட்டர் சங்கிலி வேண்டும், இரவில் சுமத்ரா வரக்கூடும் என்றால் ஏழு மடங்கு. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காற்றும் நீரோட்டமும் எதிரெதிராக இருக்கும்போது, ஆழமான கீல் கொண்ட பக்கத்துப் படகு நீரோட்டத்துக்கு முகம் கொடுத்து நிற்கும், நம் படகு காற்றுக்கு முகம் கொடுத்து நிற்கும். எல்லாப் படகுகளும் ஒரே மாதிரி சுழலும் என்று நம்பி நெருக்கமாக நங்கூரமிட்டால் நள்ளிரவில் இரண்டும் முட்டிக்கொள்ளும்.

ஜார்ஜ்டவுனிலிருந்து லங்காவிக்கு ஏறத்தாழ 60 கடல்மைல். இரவில் கிளம்புபவர்கள் வலைகளின் மங்கிய விளக்குகளையும் விளக்கே இல்லாத மிதவைகளையும் எதிர்பார்த்துத்தான் போக வேண்டும். ஒரு விசிறியில் கயிறு சுற்றிக்கொண்டாலும் மறு எஞ்சினைக் கொண்டு திரும்பிவர முடியும் என்பது கட்டமரானின் பெரிய வசதி. ஆள் கடலில் விழுந்தால் பின்படிகள் மீட்புக்கு மிகவும் உதவும், ஆனால் அவரை அருகே கொண்டுவரும்முன் இரண்டு எஞ்சின்களையும் நிறுத்த வேண்டும். படகு கவிழ்ந்துவிட்டால் அதை விட்டு நீந்திப் போகவே கூடாது. உடைந்த படகும் பெரும்பாலும் மிதக்கும், தேடுபவர் கண்ணுக்கு மனிதத் தலையைவிட அது எளிதில் தெரியும். படகுடலில் அவசர வாயில் எங்கே இருக்கிறது, அவசரக்கால வானொலிக் கருவி தலைகீழான படகிலும் கைக்கெட்டுமா என்பதைத் துறையில் நிற்கும்போதே ஒவ்வொருவருக்கும் காட்டிவைக்க வேண்டும். வானொலியில் 16-ஆம் அலைவரிசையும், தொலைபேசி எட்டும் தொலைவில் 999 எண்ணும் மலேசியக் கடல்சார் அமலாக்க நிறுவனத்தின் உதவியைக் கொண்டுவரும்.

ஆசிரியர் அவர்களே, அமெரிக்கப் பாய்மரச் சங்கம் பயணக் கட்டமரானுக்கென்றே 114 என்ற எண்ணில் தனிப் பாடத்திட்டம் வைத்திருக்கிறது. ஒற்றை உடல் படகில் பெற்ற தேர்ச்சி மட்டும் இதற்குப் போதாது என்பதை அவர்களும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்கு அதுவே சான்று. நம் இளைஞர்களோ பெரும்பாலும் விசைப்படகு ஓட்டிய அனுபவத்தோடு நேரே கட்டமரானில் ஏறுகிறார்கள். கயிறு கட்டுவது, தளம் கழுவுவது, விருந்தினருக்கு உணவு பரிமாறுவது எல்லாம் அவர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது. எந்தக் காற்றில் எந்த மடிப்பு என்பது மட்டும் கற்பிக்கப்படுவதில்லை. அதைவிட வேதனையானது, தெரிந்த பையனும் வாய் திறக்கத் தயங்குவது. விருந்தினர் வேகத்தை விரும்புகிறார் என்று முதலாளி சொன்ன பிறகு, பாயைக் குறைப்போம் என்று பத்தொன்பது வயதுப் பையன் எப்படிச் சொல்வான்? கேப்டன் அந்தத் துணிவை அவனுக்குக் கொடுக்க வேண்டும். பாய் குறைக்கச் சொல்லும் உரிமை படகிலுள்ள எந்த மாலுமிக்கும் உண்டு, அப்படி ஒருவர் சொன்னால் முதலில் குறைத்துவிட்டுப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்ற வழக்கம் நான் பணிபுரியும் படகில் உண்டு. அதனால் ஒரு விருந்தினரும் குறைசொன்னதில்லை.

படகு உரிமையாளர்களிடம் நான் கேட்பது அதிகச் செலவு பிடிக்கும் காரியம் அல்ல. கையேட்டில் உள்ள மடிப்பு அட்டவணையை உணர்காற்று, உண்மைக்காற்று என்று பிரித்து, மலாயிலும் தமிழிலும் அச்சிட்டு, நெகிழித்தாளில் உறையிட்டுச் சுக்கான் சக்கரத்துக்கு அருகே ஒட்டிவிடுங்கள். புதிதாகச் சேரும் மாலுமியைப் பயணிகள் இல்லாத ஒரு காலைப் பொழுதில் கடலுக்கு அழைத்துச் சென்று, மூன்று மடிப்புகளையும் கட்டி அவிழ்க்கச் செய்யுங்கள். துறையில் இரு எஞ்சின்களை மட்டும் கொண்டு படகைச் சுழற்றவும், பின்னோக்கி நுழையவும் பழக்குங்கள். தங்கள் நாளிதழ் விடுமுறைப் பயணங்களைப் பற்றி அடுத்த முறை எழுதும்போது, படகை வாடகைக்கு எடுப்பவர் கேப்டனிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் முதலாவதாக, எத்தனை நாட் காற்றில் பாயைக் குறைப்பீர்கள் என்பதையும் சேர்த்து வெளியிட்டால் நன்றியுடையவனாக இருப்பேன். உடனே ஓர் எண்ணைச் சொல்ல முடியாத கேப்டனின் படகில் குடும்பத்தோடு ஏற வேண்டாம்.

இப்படிக்கு,
பாய்மரப் படகு மாலுமி ஒருவர்,
தஞ்சோங் தோக்கோங், பினாங்கு.